எடை வரம்பா, இறக்கைச் சுமையா? சொந்தமாகக் கட்டும் விமானங்களின் கணக்கு

2025 ஜூலையில் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ, இலகுரக விளையாட்டு விமானங்களுக்கான விதிகளை மாற்றி எழுதியது. ‘மொசைக்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தத் திருத்தத்தில் பலருடைய கண்ணிலும் பட்டது ஒன்றுதான்: 2004 முதல் இருந்துவந்த 600 கிலோ (1,320 பவுண்டு) எடை வரம்பு போய்விட்டது. அதற்குப் பதிலாக ஸ்டால் வேகத்துக்கு வரம்பு வந்திருக்கிறது. கிட் (பாகங்களின் தொகுப்பு) வாங்கியோ வரைபடத்தை வைத்தோ சொந்தமாக விமானம் கட்டுபவர்களிடையே இதனால் ஒரு குழப்பம். இனி எடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமா? 600 கிலோவுக்குக் கட்டியதை 650 கிலோவாக்கிப் பறக்கலாமா?

கவலைப்பட வேண்டும். சட்டம் கிலோவை விட்டுவிட்டது; இறக்கை விடவில்லை. ‘அதிகபட்ச எடை’ என்று தகட்டில் பொறிக்கப்படும் ஒரே எண்ணுக்குள் வெவ்வேறு காரணங்களால் வந்த பல வரம்புகள் அடங்கியிருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

முதலில் சில சொற்கள்

காலி எடை: எரிபொருள், ஆள், சாமான் எதுவும் இல்லாத விமானத்தின் எடை. ஆனால் எஞ்சின் ஆயிலும், டேங்கின் அடியில் தங்கி எஞ்சினுக்குப் போய்ச்சேராத எரிபொருளும் இதில் சேரும்.

மொத்த எடை: ஓடுபாதையில் கிளம்பும்போது அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்ற எண்.

பயன் சுமை: மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் மிஞ்சுவது. ஆட்கள், எரிபொருள், பை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

ஸ்டால் வேகம்: இதற்குக் கீழே போனால் இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாது என்ற வேகம். எஞ்சின் நின்றுபோய் வயலில் இறங்க நேர்ந்தால், கிட்டத்தட்ட இந்த வேகத்தில்தான் தரையைத் தொடுவீர்கள்.

இறக்கைச் சுமை: மொத்த எடையை இறக்கையின் பரப்பால் வகுத்தால் வருவது. ஒரு சதுர மீட்டர் இறக்கை எத்தனை கிலோவைத் தாங்குகிறது என்று சொல்லும்.

இறக்கைச் சுமை என்ன சொல்கிறது

கடல்மட்டத்தில், வழக்கமான காற்றடர்த்திக்கு, ஸ்டால் வேகத்தை மனக்கணக்காகவே போடலாம். இறக்கைச் சுமையை (சதுர மீட்டருக்குக் கிலோ) தூக்குவிசைக் கெழுவின் உச்ச மதிப்பால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 4 ஆல் பெருக்குங்கள். நொடிக்கு மீட்டரில் விடை கிடைக்கும். விடை நாட் (மணிக்குக் கடல்மைல்) அலகில் வேண்டுமானால், 4க்குப் பதில் 7.78 ஆல் பெருக்குங்கள். தூக்குவிசைக் கெழு என்பது இறக்கையின் வடிவத்தைப் பொறுத்த எண். ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கக்கூடிய பலகை) இல்லாத எளிய இறக்கைக்கு 1.2 முதல் 1.5 வரை; நல்ல ஃப்ளாப் இருந்தால் 1.7 முதல் 2 வரை. முன்விளிம்பில் ஸ்லாட் (காற்று புகும் நீள இடைவெளி) வைத்தால் இன்னும் மேலே போகும்.

இந்தக் கணக்கில் விமானத்தின் எடை தனியாக எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எடையைப் பரப்பால் வகுத்ததுதான் வருகிறது. சில உதாரணங்கள்:

1. வேன்ஸ் ஆர்வி-7: மொத்த எடை 1,800 பவுண்டு (816 கிலோ), இறக்கை 121 சதுர அடி (11.2 சதுர மீட்டர்). இறக்கைச் சுமை சுமார் 73 கிலோ.
2. செஸ்னா 172எஸ்: 2,550 பவுண்டு (1,157 கிலோ), 174 சதுர அடி (16.2 சதுர மீட்டர்). சுமார் 71 கிலோ.
3. ஜெனித் சிஎச் 750 ஸ்டோல்: 1,440 பவுண்டு (653 கிலோ), 144 சதுர அடி (13.4 சதுர மீட்டர்). சுமார் 49 கிலோ.
4. லான்சேர் 4: 3,200 பவுண்டு (1,451 கிலோ), 98 சதுர அடி (9.1 சதுர மீட்டர்). சுமார் 159 கிலோ.

முதல் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒன்று வீட்டு கராஜில் கட்டப்படும் இரண்டு இருக்கை வேக விமானம். மற்றது பயிற்சிப் பள்ளிகளில் ஓடும் நான்கு இருக்கை விமானம். எடையில் 340 கிலோ வித்தியாசம். ஆனால் இறக்கைச் சுமை ஏறக்குறைய ஒன்று. அதனால் இரண்டுமே ஃப்ளாப் இறக்கிய நிலையில் 50 நாட்டை ஒட்டித்தான் ஸ்டாலாகின்றன. நான்காவதற்குக் கெழுவை 1.8 முதல் 2.2 வரை வைத்துக் கணக்குப் போட்டால் 66 முதல் 73 நாட் வரை வருகிறது. ஒவ்வொரு கிலோவும் தரையில் மோதும்போது கொண்டுவரும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஆக 50 நாட்டில் இறங்குவதைவிட 66 நாட்டில் இறங்கும்போது அது முக்கால் பங்கு அதிகம். ஆர்வி-7, லான்சேர் 4 இரண்டுமே ‘சொந்தமாகக் கட்டிய விமானம்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்தாலும், ஓட்டுபவருக்கு இவை வேறு வேறு உலகங்கள்.

சட்டங்கள் ஏன் கிலோவைப் பிடித்துக்கொண்டன

எடையைத் தராசில் வைத்துப் பார்த்துவிடலாம், சண்டைக்கு இடமில்லை. ஸ்டால் வேகத்தைப் பறந்துதான் அளக்க வேண்டும். அளக்கும் கருவியே பொய் சொல்லும். செஸ்னா 172எஸ் கையேட்டில் ஃப்ளாப் இல்லாத ஸ்டால் வேகம் கருவி காட்டுவதில் 48 நாட். பிழை நீக்கியபின் 53 நாட். ஐந்து நாட் வித்தியாசம் சட்ட வரம்புக்குப் பக்கத்தில் சின்ன விஷயமல்ல.

ஆனாலும் சட்டம் எழுதியவர்களுக்கு இறக்கைச் சுமை தெரியாமல் இல்லை. பிரிட்டனின் பழைய மைக்ரோலைட் (மிக இலேசான விமானம்) வரையறை இதற்கு அழகான சான்று. எடை வரம்போடு இன்னொரு நிபந்தனையும் அதில் இருந்தது: இறக்கைச் சுமை சதுர மீட்டருக்கு 25 கிலோவுக்குள் இருக்க வேண்டும், அல்லது ஸ்டால் வேகம் 35 நாட்டுக்குள் இருக்க வேண்டும். மேலே சொன்ன மனக்கணக்கில் 25 கிலோவையும் 1.25 என்ற கெழுவையும் போட்டுப் பாருங்கள்: 34.8 நாட். இரண்டு நிபந்தனையும் ஒரே நிபந்தனைதான். ஒன்று அளவு நாடாவால் சரிபார்க்கக்கூடியது, மற்றது பறந்து சரிபார்க்க வேண்டியது.

மிக இலேசான ஒற்றை இருக்கை அல்ட்ராலைட்டுகளுக்கான அமெரிக்காவின் பகுதி 103 விதியும் (1982) இப்படித்தான். காலி எடை 254 பவுண்டுக்குக் கீழே, எரிபொருள் 5 காலன், மட்டப் பறப்பில் வேகம் 55 நாட், ஸ்டால் 24 நாட். ஓட்டுபவரின் எடைக்கு வரம்பு இல்லை, ஆனால் 24 நாட் அவரையும் சேர்த்தே பிடித்துவிடுகிறது. எல்லாம் சேர்த்து 206 கிலோ என்றும் கெழு 1.5 என்றும் வைத்தால், இறக்கை 14 சதுர மீட்டருக்கு மேல் வேண்டும். இந்த வகை விமானங்களுக்கு உடம்பைவிட இறக்கை பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

வெறும் கிலோ வரம்பு செய்த கெடுதல் ஒன்றும் உண்டு. ஐரோப்பாவில் நெடுங்காலம் இரண்டு இருக்கை அல்ட்ராலைட்டுக்கு 450 கிலோ, மீட்புப் பாராசூட் இருந்தால் 472.5 கிலோ என்று இருந்தது. காலி எடை 295 கிலோ உள்ள விமானத்தில் 80 கிலோ ஆட்கள் இருவர் ஏறினால் 455. டேங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமலேயே சட்டம் மீறப்பட்டாயிற்று. காகிதத்தில் 450, ஓடுபாதையில் 500 என்ற இரட்டை வாழ்க்கை அங்கே பகிரங்க ரகசியம். இதைவிட மோசம், எடையைக் குறைக்க வேண்டும் என்ற நெருக்கடியில் உறுதியான லேண்டிங் கியரும் தடிமனான தகடும் பலியானது. 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் உறுப்பு நாடுகள் விரும்பினால் 600 கிலோ வரை போகலாம் என்றது. கூடவே 45 நாட் ஸ்டால் வரம்பையும் வைத்தது. பிரிட்டனும் 2021இல் 600 கிலோவுக்கு வந்தது.

மொசைக் இதே பாதையின் அடுத்த படி. ஸ்போர்ட் பைலட் உரிமம் உள்ளவர், ஃப்ளாப் இறக்காத நிலையில் ஸ்டால் வேகம் 59 நாட்டைத் தாண்டாத விமானத்தை ஓட்டலாம். சொந்தமாகக் கட்டியவையும் இதில் அடக்கம். இதில் கட்டுபவர்கள் தவறவிடும் நுணுக்கம் ஒன்று இருக்கிறது. அந்த 59 நாட், தகட்டில் உள்ள மொத்த எடைக்கான ஸ்டால் வேகம். நீங்கள் அன்று தனியாகப் பறக்கும் எடைக்கானது அல்ல. 800 கிலோவில் 55 நாட்டில் ஸ்டாலாகும் விமானம், 920 கிலோவில் 59 நாட்டைத் தொட்டுவிடும். எதற்கும் இருக்கட்டும் என்று தகட்டில் 950 என்று பொறித்தால், தனியாக எவ்வளவு இலேசாகப் பறந்தாலும் அந்த உரிமத்தோடு ஓட்ட முடியாது.

பத்து சதவீதம் கூடினால்

600 கிலோ விமானத்தை 660 ஆக்கினால்:

1. ஸ்டால் வேகம் சுமார் 5 சதவீதம் ஏறும்.
2. கிளம்பும் தூரம் குறைந்தது 21 சதவீதம் கூடும். வேகமும் அதிகம் வேண்டும், அந்த வேகத்துக்கு முடுக்குவதும் மெதுவாகும். இரண்டும் பெருகுவதால் இப்படி.
3. மேலேறும் வீதம் விழும். குறைந்த குதிரைத்திறன் விமானங்களில் அடி இங்கேதான் பலமாக விழும், ஏனென்றால் மட்டப் பறப்புக்குப் போக மிஞ்சும் திறனில்தான் விமானம் ஏறுகிறது. வெயில் நாளில் அந்த மிச்சமும் கரைந்துவிடும்.
4. சறுக்கும் விகிதம் (எஞ்சின் இல்லாமல் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எத்தனை மீட்டர் முன்னே போகும் என்பது) மாறாது. பலர் மாறும் என்று நினைக்கிறார்கள். அதே கோணத்தில், கொஞ்சம் வேகமாக இறங்கும், அவ்வளவுதான்.

இதுவரை சொன்னது எல்லாம் பறக்கும் திறமை. உடைவது வேறு கணக்கு.

இறக்கை எத்தனை கிலோவை அறியும்

இறக்கையின் ஸ்பாருக்கு (இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) விமானத்தின் எடை தெரியாது. எடையை ஜி-யால் (புவியீர்ப்பைப் போல் எத்தனை மடங்கு என்ற எண்) பெருக்கி வரும் விசைதான் தெரியும். ஆர்வி-7ஐ 1,600 பவுண்டுக்குள் வைத்தால் வித்தைப் பறப்புக்கு 6 ஜி வரை அனுமதி. அதாவது 9,600 பவுண்டு விசை. 1,800 பவுண்டில் அதே விசை 5.3 ஜி-யிலேயே வந்துவிடும். ஆகவே இரண்டு ஆட்களும் முழு டேங்கும் ஏற்றிக்கொண்டு லூப் போடுபவர், மொத்த எடையைத் தாண்டாமலேயே வித்தைக்கான வரம்பைத் தாண்டிவிடுகிறார்.

வடிவமைப்பாளர் ‘தாங்கும் எல்லை’ என்று சொல்வதற்கு மேல் 1.5 மடங்கு பாதுகாப்பு வைப்பது வழக்கம். 4 ஜி விமானம் 6 ஜி-யில்தான் உடைய வேண்டும். இந்த ஒன்றரை மடங்கைக் கையிருப்பு என்று நினைத்து எடையில் செலவு செய்வதுதான் இந்தத் துறையின் மிகப் பழைய தவறு. பொருளின் குறை, ரிவெட் துளையின் கோணல், வருடக்கணக்கான சோர்வு, கணிக்காத காற்றடி எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே ஒதுக்கிவைத்த பணம் அது.

ஜெனித் சிஎச் 601 எக்ஸ்எல் விவகாரத்தை இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். 2009 ஏப்ரலில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 2006 முதல் இந்த வகையில் ஆறு விமானங்கள் நடுவானில் உடைந்து பத்துப் பேர் இறந்ததைச் சுட்டிக்காட்டி, பறப்பதை நிறுத்தச் சொன்னது. வாரியத்தின் சந்தேகம் ஃப்ளட்டர் மேல் இருந்தது. எய்லரானும் (இறக்கையின் பின்விளிம்பில், நுனிப்பக்கம் அசையும் பலகை) இறக்கையும் ஒன்றையொன்று தூண்டி, நொடிக்குள் பெருகும் அதிர்வு அது. 2010 ஜனவரியில் வந்த எஃப்ஏஏ சிறப்பு ஆய்வு வேறு பலவற்றையும் சேர்த்துச் சொன்னது. அவற்றில் நம் தலைப்புக்கு நேராக வருவது: இறக்கையை வடிவமைக்க எடுத்துக்கொண்ட சுமைகள், 600 கிலோ விமானத்துக்கான தரத்தை எட்டவில்லை. வேகமானியின் பிழை, இலேசான ஸ்டிக் விசை போன்றவையும் பட்டியலில் இருந்தன. தீர்வாக வந்த மாற்றத்தில் ஸ்பார் பலப்படுத்தப்பட்டது, எய்லரான்களுக்கு எதிர் எடை சேர்க்கப்பட்டது. இந்த விமானங்களில் யாரும் 600ஐ மீறினார்களா என்பதைவிட, 600 என்ற எண்ணுக்குப் பின்னால் இருந்த சுமைக் கணக்கு சரியா என்பதுதான் ஆய்வின் கேள்வி.

இலேசாக இருந்தால் ஆபத்தே இல்லையா

இல்லை என்று சொல்ல முடியாது. இறக்கைச் சுமை குறைந்தால் அதே காற்றடி பெரிய உலுக்கலாக வரும். பாதியானால் உலுக்கல் ஏறக்குறைய இரட்டிப்பு. அல்ட்ராலைட்டுகள் பெரும்பாலும் காலையிலும் மாலையிலும் பறப்பதன் காரணம் இது.

இன்னொன்று சூழ்ச்சி வேகம் என்கிற கணக்கு. ஸ்டிக்கை முழுதாக இழுத்தாலும் இறக்கை உடையுமுன் ஸ்டாலாகிவிடும் என்ற வேகம் அது. ஸ்டால் வேகத்தை, தாங்கும் ஜி-யின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் கிடைக்கும். 600 கிலோவில் 45 நாட் ஸ்டால், 4 ஜி என்றால் 90 நாட். தனியாக 450 கிலோவில் பறக்கும்போது அது 78 ஆகக் குறைகிறது. எடை குறைந்தால் வேக வரம்பும் ஏன் குறைய வேண்டும்? 450 கிலோ விமானத்தை 90 நாட்டில் இழுத்தால் இறக்கைமேல் அதே 2,400 கிலோ விசைதான் வரும். ஆனால் ஜி 5.3 ஆகிவிடும். 80 கிலோ எஞ்சின் தன் மவுண்ட்டை 320க்குப் பதிலாக 427 கிலோ விசையோடு இழுக்கும். இறக்கை தப்பிக்கும், எஞ்சின் மவுண்ட், பேட்டரித் தட்டு, இருக்கை ஆகியவை சோதிக்கப்படும்.

எடை எங்கிருந்து திருட்டுத்தனமாக ஏறுகிறது

கிட் விற்பவர் சொல்லும் காலி எடை, பெயின்ட் அடிக்காத, ரேடியோ ஒன்று மட்டும் உள்ள, கவனமாகக் கட்டிய விமானத்துடையது. வீட்டில் கட்டியதில் கூடுதல் வரும் வழிகள்:

1. ஃபைபர் வேலையில் ரெசின். துணியும் ரெசினும் எடையில் சமமாக இருந்தால் நல்ல கைவேலை. பிழிந்து எடுக்காத ரெசின் வலிமை தராது, எடை மட்டும் தரும்.
2. பெயின்ட். ப்ரைமர், மேல்பூச்சு, கிளியர் எல்லாம் சேர்ந்து இரண்டு இருக்கை விமானத்தில் 10 கிலோவைத் தொடும். எய்லரான், வாலில் உள்ள எலிவேட்டர் போன்ற அசையும் பாகங்களில் பட்டது கீலுக்குப் பின்னால் சேரும் எடை. சமநிலை கெட்டால் ஃப்ளட்டர் வேகம் குறையும். பெயின்டுக்குப் பிறகு அவற்றைத் திரும்பச் சமன் செய்யாமல் பறக்கக் கூடாது.
3. எஞ்சின் மாற்றம். ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ்ஸுக்குப் பதில் அதே 100 குதிரைத்திறன் தரும் கான்டினென்டல் ஓ-200 வைத்தால் மூக்கில் 20 கிலோவுக்கு மேல் ஏறும். அதைச் சமன் செய்ய வாலில் எடை கட்டுவார்கள், அதுவும் எடைதான்.
4. வசதிகள். தோல் இருக்கை, ஆட்டோபைலட், இரண்டாவது திரை, சக்கர உறை. ஒவ்வொன்றும் ‘ரெண்டு கிலோதானே’ என்று வரும். பேட்டரியில் மட்டும் திரும்பப் பிடிக்கலாம்: 7 கிலோ ஈய பேட்டரியின் இடத்தில் 2 கிலோ லித்தியம்.

தராசில் வைக்கும் முறை

1. மூன்று சக்கரத்துக்கும் தனித்தனித் தராசு. ஹேங்கர் கதவை மூடுங்கள். இளங்காற்றே இறக்கையில் சில கிலோவைத் தூக்கிவிடும்.
2. விமானத்தைப் பறக்கும் நிலைக்கு மட்டம் வையுங்கள். வால்சக்கர விமானத்தில் வாலை ஸ்டாண்டில் தூக்கி, ஸ்டாண்டின் எடையைக் கழிக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் ஈர்ப்பு மையம் தவறாக வரும்.
3. டேட்டம் என்ற தொடக்கக் கோட்டிலிருந்து ஒவ்வொரு அச்சின் தூரத்தையும் நீங்களே குண்டுநூல் விட்டு அளங்கள். வரைபட எண்ணை நம்ப வேண்டாம்.
4. எடையைத் தூரத்தால் பெருக்கிக் கூட்டி, எடைகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஈர்ப்பு மையம்.

ஒரு மாதிரிக் கணக்கு. டேட்டம் இறக்கை முன்விளிம்புக்கு 2 மீட்டர் முன்னால். இறக்கையின் அகலம் 1.3 மீட்டர், பரப்பு 12.2 சதுர மீட்டர். மூக்குச் சக்கரத்தில் 68 கிலோ (1.00 மீட்டர்), பிரதான சக்கரங்களில் 141ம் 139ம் (2.48 மீட்டர்). காலி எடை 348, மையம் 2.19 மீட்டர். இதில் இருவர் 170 கிலோ (2.50), பெட்ரோல் 70 லிட்டர், லிட்டருக்கு 0.72 வீதம் 50.4 கிலோ (2.30), பை 15 கிலோ (3.10) சேர்த்தால் மொத்தம் 583.4 கிலோ, மையம் 2.314 மீட்டர். முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 24 சதவீதம். இறக்கைச் சுமை 47.8 கிலோ.

இந்த விமானத்தின் மொத்த எடை 600 கிலோ என்றால், இன்னும் 16.6 கிலோ மிச்சம் இருக்கிறது. அதை முழுக்கப் பைக்குள் போட்டால் எடை வரம்பில்தான் இருக்கும், மையம் 2.335க்கு, அதாவது சுமார் 26 சதவீதத்துக்குப் பின்னால் நகரும். பின்வரம்பு 25 என்று வரைபடம் சொன்னால், எடை சரி, விமானம் தவறு. மையம் பின்னால் போன விமானம் ஸ்டாலிலிருந்து மூக்கைக் கீழே இறக்க மறுக்கும். அந்த நிலையில் சுழற்சியில் விழுந்தால் மீள்வது கடினம்.

மொத்த எடையை உயர்த்தலாமா

அமெரிக்காவில் சோதனை வகைச் சான்றிதழோடு பறக்கும் சொந்தக் கட்டுமானத்துக்கு, தயாரிப்பாளர் நீங்களே. எனவே மொத்த எடையை எழுதுபவரும் நீங்களே. கிட் நிறுவனம் 600 என்று சொன்னாலும் 640 என்று எழுத விதி தடுக்காது. பிரிட்டனில் லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் அந்த வடிவத்துக்கு ஏற்றுக்கொண்ட எண்ணைத்தான் வைத்துக்கொள்ள முடியும். உயர்த்த வேண்டுமானால் பொறியியல் கணக்கு கேட்பார்கள். பிரிட்டன் வழிதான் சரி என்று படுகிறது, ஏனென்றால் அமெரிக்கச் சுதந்திரம் கேட்காமல் விடும் கேள்விகளை அது கேட்கிறது:

ஸ்பாரின் தாங்கும் விசையைப் புதிய எடையால் வகுத்தால் எத்தனை ஜி மிஞ்சுகிறது? லேண்டிங் கியர் எந்த எடைக்கு, எந்த இறங்கு வேகத்துக்குச் சோதிக்கப்பட்டது? கூடும் எடை எங்கே உட்காரும்? இறக்கை டேங்கில் ஏறும் பெட்ரோல் இறக்கையைக் கீழே அழுத்தி ஸ்பாரின் வளைவைக் குறைக்கும். அதே எடை இருக்கையில் ஏறினால் முழுதும் இறக்கையின் அடிவேரில் விழும். 40 கிலோ என்ற ஒரே எண்ணுக்கு ஸ்பார் இரண்டு விடை சொல்லும்.

இவற்றுக்கு விடை இருந்தால் பறந்து பார்க்கலாம். அமெரிக்காவில் முதற்கட்டச் சோதனைப் பறப்புக்கு வழக்கமாக 40 மணி நேரம். சான்றிதழ் பெற்ற எஞ்சின், ப்ரொப்பல்லர் ஜோடி என்றால் 25. அந்தக் கட்டத்தில் ஸ்டால் வேகத்தையும், சிறந்த ஏறு வேகங்களையும், எந்த எடையில், எந்த மையத்தில் அளந்தீர்கள் என்பதையும் பதிவேட்டில் எழுத வேண்டும். மணல் மூட்டையை இருக்கையில் பெல்ட்டால் கட்டி, 20 கிலோ வீதம் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஸ்டால், கிளம்பும் தூரம், ஏறும் வீதம் மூன்றையும் குறித்துக்கொண்டு போவதே முறை. மூட்டைமேல் வலை கட்டாயம். ஸ்டாலில் மூக்கு விழும்போது மூட்டை ஸ்டிக்கின் மேல் சரிந்தால் எந்தக் கணக்கும் உதவாது. 560 கிலோவோடு சோதனையை முடித்துக்கொண்டு தகட்டில் 600 என்று பொறிப்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட விமானத்தில் முதன்முதலாக 600 கிலோவைச் சோதிப்பது, பின்னாளில் அருகில் வந்து உட்காரும் பயணிதான்.